அம்மா அப்பாவுக்கு விமானத்தில் வீல்சேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பார்க்கச் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம் ஏறும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. டிக்கெட் போடும் மகனுக்கும் மகளுக்கும் எவ்வளவு பயன்படுமோ, அதே அளவு பயணம் போகிறவருக்கும் பயன்பட வேண்டும் என்பதே விருப்பம். முடிந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். விமான நிலையத்தில் தனியாக நிற்கப்போவது அவர்கள்தான்.

வீல்சேர் கேட்டால் கூடுதல் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். நடமாட்டச் சிரமம் உள்ள பயணிக்கு இந்தியாவிலிருந்து கிளம்பும் விமானங்களில் இது இலவசம். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பாவில் 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் இதையே உறுதி செய்கின்றன. டிக்கெட் ஏஜென்ட் ‘வீல்சேர் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

அப்பா கூச்சப்படுகிறார். ‘எனக்கு என்ன காலா இல்லை?’ என்கிறார். என்ன சொல்வது?

அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சு இது. வீட்டிலிருந்து கோயிலுக்கு நடக்கிறவர், காலையில் பார்க்கில் இரண்டு சுற்று சுற்றுகிறவர், தன்னால் முடியும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் விமான நிலைய நடை வேறு மாதிரி. இரவெல்லாம் தூங்காமல், எட்டு மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கிய பிறகு, தோளில் பையோடு, நேரத்துக்குள் நடக்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். நடுவில் ரயில், எஸ்கலேட்டர், அதன்பின் இமிக்ரேஷன் வரிசை என்று நிற்கிற நேரம் நடக்கிற நேரத்தைவிடக் கூடுதல். மூட்டு வலிக்காரருக்கு நிற்பதுதான் பெரிய கஷ்டம்.

2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து மும்பை வந்து இறங்கிய ஒரு முதிய தம்பதிக்கு நடந்ததை அப்பாவிடம் சொல்லலாம். இருவருக்கும் வீல்சேர் பதிவாகியிருந்தது. இறங்கியபோது கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு, எண்பது வயதுக் கணவர் கூடவே நடந்தார். இமிக்ரேஷன் பகுதிக்கு வந்ததும் சுருண்டு விழுந்தார். பிழைக்கவில்லை. கொஞ்சம் காத்திருக்கச் சொன்னோம், அவர் மனைவியோடு நடந்து வரவே விரும்பினார் என்றது விமான நிறுவனம். டிஜிசிஏ அதற்காக ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மனைவியை முன்னால் அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்க எந்தக் கணவருக்கும் மனம் வராது. அதனால்தான் இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: இரண்டாவது நாற்காலி வரும்வரை இருவருமே நகர்வதில்லை என்று.

எத்தனை நாளைக்கு முன்பு சொல்ல வேண்டும்?

டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுவது நல்லது. அது விட்டுப்போனால் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லியாக வேண்டும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் கணக்குதான். கடைசி நேரத்தில் கேட்டாலும் ஏற்பாடு செய்ய முயல்வது விமான நிறுவனத்தின் கடமை. ஆனால் முன்பே பதிந்தவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் உங்கள் முறை வரும்.

ஐரோப்பாவில் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வீல்சேர் விமான நிறுவனத்தின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் அது விமான நிலையத்தின் பொறுப்பு. நீங்கள் சொன்ன தகவலை விமான நிறுவனம் அங்கே 36 மணி நேரம் முன்பாக அனுப்பியாக வேண்டும். ஃபிராங்ஃபர்ட்டிலோ லண்டனிலோ வரும் ஆட்கள் உங்கள் விமானக் கம்பெனியின் சீருடையில் இருக்க மாட்டார்கள். அதைப் பார்த்து அம்மா மிரள வேண்டாம்.

டிக்கெட்டில் வீல்சேர் போட்டாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிக்கெட் அச்சில் பெயருக்குக் கீழே அதற்கான குறியீடு வர வேண்டும். ஏஜென்ட் ‘சொல்லிட்டேன் சார்’ என்றால் போதாது. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள், அல்லது கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

மூன்று இடங்களில் இந்தப் பதிவு காணாமல் போகும். முதலாவது, விமானத்தின் நேரமோ தேதியோ மாறி டிக்கெட்டைப் புதிதாகப் போடும்போது. இரண்டாவது, ஒரு கம்பெனியிடம் டிக்கெட் வாங்கி, ஒரு பகுதியை இன்னொரு கம்பெனி ஓட்டும்போது. விமானத்தை ஓட்டுகிற கம்பெனியிடமே பேசி உறுதி செய்வதுதான் பாதுகாப்பு. மூன்றாவது, மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடும்போது. சென்னையிலிருந்து மும்பை ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து வெளிநாடு இன்னொரு டிக்கெட் என்றால், முதல் கம்பெனியிடம் சொன்னது இரண்டாவது கம்பெனிக்குத் தெரியாது. நடுவில் லக்கேஜை எடுத்து மறுபடி செக்-இன் செய்கிற வேலையும் சேரும். பெரியவர்கள் தனியாகப் போகும் பயணத்தில் இந்த மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வீல்சேரில் வகை உண்டாமே? எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால், இதை வாசியுங்கள்.

உலகெங்கும் விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. முதலாவது டபிள்யூ.சி.எச்.ஆர். இதில் வரும் பயணியால் நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், விமானத்துக்குள் தானே நடந்து இருக்கைக்குப் போவார். இரண்டாவது டபிள்யூ.சி.எச்.எஸ். இவரால் படி ஏறி இறங்க முடியாது, உள்ளே நான்கடி நடப்பார். மூன்றாவது டபிள்யூ.சி.எச்.சி. இவரால் நடக்கவே முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

ஏஜென்ட்டும் இணையதளமும் பெரும்பாலும் முதல் வகையைத்தான் போட்டுவிடுவார்கள். விமானம் ஏரோபிரிட்ஜில், அதாவது கட்டடத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் நடைபாலத்தில் நின்றால் பிரச்சினை தெரியாது. அது தூரத்தில் நின்று, பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படி அடியில் இறக்கினால்தான் வினை. பதிவில் முதல் வகை இருந்தால், இவர் படி ஏறுவார் என்றுதான் ஊழியர்கள் எடுத்துக்கொள்வார்கள். மழையில், நள்ளிரவில், பின்னால் வரிசை நிற்க, மூட்டு மாற்று அறுவை செய்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டியிருக்கும். இரண்டாவது வகை போட்டிருந்தால் ‘ஆம்புலிஃப்ட்’ என்னும் தூக்கு வண்டியைக் கொண்டுவருவார்கள். அதன் பெட்டிக்குள் வீல்சேரோடு ஏற்றி, கதவு உயரத்துக்குத் தூக்கி, நேராக விமானத்துக்குள் விடுவார்கள். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் ஏ.டி.ஆர். சிறிய விமானங்களுக்குப் படிகள் குறைவு என்றாலும் ஏரோபிரிட்ஜ் வராது. எனவே அங்கேயும் இந்தக் கேள்வி உண்டு.

அதனால் அம்மாவிடம் ‘நடப்பீங்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘கைப்பிடி இருந்தால் ஒரு மாடி ஏறி இறங்குவீங்களா?’ என்று கேளுங்கள். தயங்கினால் இரண்டாவது வகை போடுங்கள்.

நடக்க முடியும், ஆனால் இங்கிலீஷ் தெரியாது, வழி தெரியாது. அதற்காக வீல்சேர் போடலாமா?

பலரும் போடுகிறார்கள், காரணமும் புரிகிறது. முதல் முறையாகத் தனியாகக் கிளம்பும் ஒரு அம்மாவுக்குத் துபாயில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது, பெயர்ப்பலகை வாசிக்க வராது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பது நியாயமான தேவைதான்.

அந்தத் தேவைக்கு ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ என்று தனியாக ஒரு உதவி இருக்கிறது. நாற்காலி இல்லாமல், ஒரு ஊழியர் கூடவே நடந்து வழிகாட்டுவார். பல நிறுவனங்கள் மொழி தெரியாத முதியவர்களுக்கு இதைத் தருகின்றன. சில இடங்களில் விமான நிலையமே கட்டணத்துக்கு நடத்துகிறது. முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். அதே விமானத்தில், அதே நேரத்தில் வேறு வீட்டு மகனோ மகளோ போகிறார்களா என்று உறவிலும் நட்பிலும் விசாரிப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதான்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து அமெரிக்கா, பிரிட்டன் போகும் விமானங்களில் வீல்சேர் கேட்பவர்கள் மிக அதிகம். நாற்காலிகளும் தள்ளும் ஆட்களும் அந்த அளவுக்கு இல்லை. ஒரே விமானத்துக்கு ஏராளமானோர் பதிந்திருக்கும்போது, ஓரடிகூட எடுத்து வைக்க முடியாத ஒருவர் கடைசிவரை காத்திருக்க நேர்கிறது. வயது, இதயம், மூச்சு, மூட்டு என்று உடம்பில் காரணம் இருந்தால் எந்தத் தயக்கமும் இல்லாமல் கேளுங்கள். வெளியே தெரியாத நோய்க்கும் இது பொருந்தும், யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. வரிசையைத் தவிர்க்க மட்டும் என்றால் வேண்டாம்.

அம்மா, அப்பா இருவரும் போகிறார்கள். ஒரு வீல்சேர் போதுமா?

இருவருக்கும் தேவை என்றால் இருவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவர் கூடவே நடக்க வேண்டும். அதுவும் தள்ளுகிறவரின் வேகத்துக்கு. கூட நடப்பவரைச் சிறப்பு வரிசையில் சேர்த்தே அனுப்புவார்கள், பிரிக்க மாட்டார்கள். ஆனால் கூட நடக்கிறவருக்கே எழுபத்தைந்து வயது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமா?

வயது, மூட்டு வலி, பழைய பக்கவாதம் போன்ற காரணங்களுக்கு வேண்டாம். அண்மையில் அறுவை சிகிச்சையோ மாரடைப்போ ஆகியிருந்தால், பயணத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டால், ஸ்ட்ரெச்சரில் போவதாக இருந்தால், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகவில்லை என்றாலும் முன்பே சொல்ல வேண்டும். மேலே பறக்கும்போது உள்ளே வீக்கம் கூடும், அதனால் கட்டைப் பிளந்து தளர்த்தச் சொல்வார்கள்.

கவுன்டரில் ‘இவரை ஏற்ற முடியாது’ என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். 2022-இல் ராஞ்சி விமான நிலையத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. அதற்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்த டிஜிசிஏ, விதியையும் திருத்தியது. இப்போது மாற்றுத்திறனைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. நடுவழியில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், விமான நிலைய டாக்டர் அந்தப் பயணியை நேரில் பார்த்து எழுத்தில் கருத்துத் தர வேண்டும். அதன் பிறகுதான் முடிவெடுக்கலாம். ‘டாக்டரைக் கூப்பிடுங்க, எழுதித் தரச் சொல்லுங்க’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விமான நிலையத்துக்குப் போனதும் யாரிடம் கேட்பது?

இந்தியாவில் டிக்கெட் இல்லாதவரை உள்ளே விட மாட்டார்கள், அதனால் வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டியதுதான். பயணியைக் காரிலோ வாசல் பெஞ்சிலோ உட்கார வைத்துவிட்டு, கூடப் பயணம் செய்கிறவர் மட்டும் உள்ளே போய்க் கவுன்டரில் சொல்லி ஆளை அழைத்து வரலாம். தனியாகப் போகிறவர் என்றால் வாசலில் நிற்கும் விமான நிறுவன ஊழியரிடமோ காவலரிடமோ சொல்லுங்கள். முந்தின நாளே நிறுவனத்துக்கு போன் செய்து ‘வாசலுக்கே வீல்சேர் வேண்டும்’ என்று சொல்லி வைப்பது இன்னும் நல்லது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். ஆள் வரத் தாமதமாகலாம், செக்யூரிட்டியிலும் நேரம் எடுக்கும்.

செக்யூரிட்டியில் எழுந்து நிற்கச் சொல்வார்களா?

முடிந்தவரை எழச் சொல்வார்கள். முடியாதவரை நாற்காலியிலேயே வைத்துச் சோதிப்பார்கள். பெண்களைப் பெண் காவலர்தான், திரைமறைவில்தான் சோதிக்க வேண்டும். மூட்டு மாற்றியவர்களுக்குக் கருவி சத்தம் போடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அந்த அட்டையைக் கையில் வையுங்கள். கைத்தடியை எக்ஸ்ரேயில் போட்டுத் திருப்பித் தருவார்கள், விமானத்துக்குள் கொண்டுபோகலாம்.

டிரான்சிட்டில் என்ன நடக்கும்? அங்கேதான் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் ஆக வேண்டும்.

நடப்பது இதுதான். முதல் விமானத்திலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகு வீல்சேர் பயணிகள் இறங்குவார்கள். கதவருகே ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நிற்பார். அவர் தள்ளிக்கொண்டுபோய், இதேபோல் வந்த பலரும் உட்கார்ந்திருக்கும் ஓரிடத்தில் விடுவார். போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. அங்கே ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ உட்கார வேண்டும். பிறகு வேறொருவர் வந்து அடுத்த கேட்டுக்குக் கூட்டிப்போவார். கூட்டமான இடங்களில் மின்சார வண்டியிலும் ஏற்றுவார்கள். ஒருவர் கை மாறி இன்னொருவர் கைக்குப் போவது இங்கே வழக்கம். ‘என்னைப் பாதியில் விட்டுட்டுப் போயிட்டான்’ என்று அம்மா பதறாமல் இருக்க, இதை முன்பே கதை மாதிரிச் சொல்லி வையுங்கள்.

விட்டுப்போகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள்: எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்த கேட்? போர்டிங் பாஸை வாங்கிப்போனால் திரும்ப வாங்கும்வரை அதே இடத்தில் இருக்க வேண்டும். போர்டிங் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதும் யாரும் வரவில்லை என்றால், கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். சத்தம் போடுவது மரியாதைக் குறைவு என்று நம் அம்மாக்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதில்தான் விமானம் தவறுகிறது. அமெரிக்க விதிப்படி, தானாக நகர முடியாத பயணியைத் தரை வீல்சேரில் 30 நிமிடத்துக்கு மேல் கவனிக்க ஆளின்றி விட்டுவைக்கக் கூடாது.

கடைசியாக இறங்குவதால் டிரான்சிட் நேரத்தில் அரை மணி முதல் முக்கால் மணி வரை அப்படியே கழிந்துவிடும். ஒன்றேகால் மணி நேர இடைவெளியை விமானக் கம்பெனி ‘போதும்’ என்று விற்கும். பெரியவர்களுக்கு இரண்டரை, மூன்று மணி நேரமாவது இருக்கும்படி பாருங்கள்.

இறங்கியதும் வீல்சேர் வரவில்லை. என்ன செய்வது?

இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். எல்லோரும் எழுந்து பெட்டியை எடுக்கும்போது நமக்கும் கால் பரபரக்கும். நாலடி நடந்து ஏரோபிரிட்ஜுக்கு வந்துவிட்டால், ‘இவர் நடந்துவிட்டார்’ என்று கணக்கு முடிந்துவிடும், தேடி வருகிற ஆளுக்கும் உங்களைத் தெரியாது. வீல்சேர் பயணி எல்லோரும் இறங்கும்வரை விமானப் பணிப்பெண்களுக்கும் வேலை முடிவதில்லை. எனவே நாற்காலியை வரவழைக்க அவர்களே போன் செய்வார்கள். விமானத்தை விட்டு வெளியே வந்த பிறகு உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

பாத்ரூம் விஷயம் எப்படி?

யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி. இதை நினைத்தே பல பெரியவர்கள் கிளம்புவதற்கு முன்பிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும். தண்ணீரும் இல்லாமல், காலும் அசைக்காமல் பல மணி நேரம் உட்கார்ந்தால் தலைசுற்றும், மலச்சிக்கல் வரும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையவும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை.

தள்ளுகிறவரிடம் ‘டாய்லெட்’ என்ற ஒரு சொல் போதும், நிறுத்துவார்கள். கேட்க வெட்கமே வேண்டாம். விமானத்துக்குள் ஏறுவதற்கு முன் ஒருமுறை போய்விடுவது நல்லது. உள்ளே டாய்லெட்டுக்கு அருகில், நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து டிக்கெட் போடும்போதே கேளுங்கள். அவசர வழி வரிசையில் வீல்சேர் பயணிகளை உட்கார விட மாட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்காகப் பெரிய விமானங்களில் ஒடுக்கமான ஒரு சக்கர நாற்காலி உள்ளேயே இருக்கும். பணிப்பெண்கள் அதில் டாய்லெட் கதவு வரை கொண்டுபோவார்கள். உள்ளே தூக்கி உட்கார வைப்பதோ சுத்தம் செய்வதோ அவர்கள் வேலையில் சேராது. அந்த உதவி தேவைப்படுகிறவரோடு வீட்டு ஆள் ஒருவர் போவதுதான் சரி. டயப்பர் போட்டுக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை, மாற்றுத்துணி ஒரு செட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

லக்கேஜை அவர்களே எடுத்துத் தருவார்களா?

பெல்ட்டிலிருந்து எடுக்கவும் டிராலியில் வைக்கவும் பெரும்பாலும் உதவுவார்கள். ஆனால் ஒரு கையால் வீல்சேர், மறு கையால் டிராலி என்று எவ்வளவுதான் ஒருவர் தள்ள முடியும்? பொடி, ஊறுகாய், வடகம், பேத்திக்குப் பட்டுப்பாவாடை என்று ஆளுக்கு இரண்டு பெட்டி நிறைப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். பெட்டியில் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்புத் துணியோ ரிப்பனோ கட்டி, அதன் போட்டோவை அப்பா போனில் ஏற்றி வையுங்கள். மருந்து எல்லாமும், சீட்டோடு, கைப்பையில்தான்.

தள்ளுகிறவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் எங்கும் இல்லை. இந்தியாவில் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டால் மறுக்கலாம், அதனால் உதவி நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவில் கொடுப்பது வழக்கமாகவே இருக்கிறது, ஐந்து டாலர் நோட்டாகச் சிலவற்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள். மனமிருந்து கொடுப்பது நல்ல விஷயம்தான். ஒரு ஷிஃப்ட் முழுவதும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளுகிறவர்கள், சம்பளமும் சொற்பம். பெயரைக் கேட்டு ‘தம்பி’, ‘அம்மா’ என்று இரண்டு வார்த்தை பேசினால் அவர்கள் முகமே மாறும்.

இங்கிலீஷ் தெரியாத அம்மாவிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில், இங்கிலீஷில். பெயர், வயது, தமிழ் மட்டும் பேசுவார் என்ற வரி, விமான எண்கள், பிஎன்ஆர், எந்த வகை வீல்சேர், என்ன நோய், என்ன மருந்து, ஒவ்வாமை, போய்ச்சேரும் வீட்டு முகவரி, இரு பக்கமும் இரண்டிரண்டு போன் எண்கள். எந்த நாட்டிலிருந்து பார்த்தாலும் போன் போக, எண்ணுக்கு முன் நாட்டுக் குறியீட்டை எழுதுங்கள். இமிக்ரேஷனில் கேட்பார்கள் என்பதால், யாரைப் பார்க்க வருகிறார், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் தேதி என்ன என்பதையும் சேர்க்கலாம். வீல்சேர் தள்ளுகிறவர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது, பயணிதான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

போனில் ரோமிங் போட்டுவிடுங்கள். விமான நிலைய வைஃபை பல இடங்களில் ஓடிபி கேட்கும், ரோமிங் இல்லாவிட்டால் அது வராது.

அமெரிக்காவில் இருக்கும் நான் கேட் வரை போய் அப்பாவை அழைத்து வர முடியுமா?

உள்நாட்டு விமானத்தில் வந்து இறங்குகிறார் என்றால் முடியும். செக்-இன் கவுன்டரில் அடையாள அட்டையைக் காட்டி, உதவி தேவைப்படுகிறவரை அழைக்க வந்திருக்கிறேன் என்று சொல்லி எஸ்கார்ட் பாஸ் கேளுங்கள். கொடுப்பது அந்த விமான நிறுவனத்தின் முடிவு. வழியனுப்பும்போதும் இதே முறையில் கேட் வரை போகலாம். வெளிநாட்டிலிருந்து நேராக வந்து இறங்குகிறவரை இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வந்த பிறகுதான் பார்க்க முடியும்.

சொந்த வீல்சேரையே கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. விமானக் கதவு வரை அதிலேயே போய், அங்கே கொடுத்து, இறங்கும்போது கதவருகிலேயே திரும்பத் தர வேண்டும் என்று செக்-இன் கவுன்டரில் சொல்லி டேக் போட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மெத்தை, கால்மிதி போன்ற கழற்றக்கூடியவற்றை உள்ளே எடுத்துப்போங்கள்.

மின்சார வீல்சேர் என்றால் பேட்டரி வகையையும் அளவையும் பதியும்போதே சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரியைக் கழற்றும்படி இருந்தால், கழற்றி உங்களோடு கேபினில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு பேட்டரி 300 வாட்-ஹவர், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-ஹவர் என்பது பொதுவான உச்சவரம்பு. பேட்டரி மேலேயே அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் தாளைக் கையில் வையுங்கள்.

உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுன்டரில் சேதப் புகார் எழுதி எண் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். அதைவிட விலை கூடிய நாற்காலி என்றால், செக்-இன் நேரத்திலேயே மதிப்பை அறிவித்துப் பதிந்துகொள்ளும் வசதியை அந்த உடன்படிக்கை தருகிறது.

உதவி கிடைக்கவில்லை, அல்லது மோசமாக நடத்தினார்கள். யாரிடம் புகார் செய்வது?

அங்கேயே, அப்போதே, விமான நிறுவனத்தின் டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். அமெரிக்காவோடு தொடர்புள்ள பயணம் என்றால் மாற்றுத்திறனாளிப் புகார்களைத் தீர்க்கவே ஒரு அதிகாரி நேரிலோ போனிலோ கிடைக்க வேண்டும். ‘சி.ஆர்.ஓ.’ என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். திரும்பி வந்த பிறகு நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல், அதற்கும் பதில் இல்லை என்றால் மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமும் முறையிடலாம்.

விமான எண், தேதி, எந்த இடத்தில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை காத்திருந்தீர்கள், பேசிய ஊழியரின் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள். வீல்சேர் பதிவு தெரியும் டிக்கெட் பக்கத்தையும் போர்டிங் பாஸையும் சேர்த்து அனுப்புங்கள். அப்பா ‘விடுப்பா, வந்து சேர்ந்துட்டோம்ல’ என்பார். ஒரு புகார் பதிவானால் அடுத்த விமானத்தில் இறங்கும் இன்னொருவருக்கு நாற்காலி நேரத்தில் வர வாய்ப்புக் கூடும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு எழுதி அனுப்புங்கள்.